பழைய போன் வாங்கப் போகிறீர்களா? பூட்டு இருக்கிறதா என்று பணம் கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்

பல வருடங்களுக்கு முன்னால் நான் வாங்கிய முதல் பழைய ஸ்மார்ட்போன், கையில் வாங்கிப் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது. திரையில் கீறல் இல்லை. கேமரா தெளிவாக எடுத்தது. பேட்டரியும் நின்றது. பணத்தைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். விற்றவருடைய படங்களும் செயலிகளும் அப்படியே கிடந்தன. சுத்தமாக அழித்துவிட்டு நம்முடையதாக ஆக்கிக்கொள்ளலாம் என்று ரீசெட் செய்தேன். போன் மறுபடி எழுந்து வந்து, முன்பு அதில் இருந்த கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்டது. விற்றவரைக் கூப்பிட்டேன். எண் அணைந்திருந்தது. அதற்குப் பிறகு அந்த எண் உயிர் பெறவே இல்லை.

அப்போதிருந்து, தெரிந்தவர்கள் யார் பழைய போன் வாங்கப் போனாலும் கூடப் போகிறேன். போக முடியாதபோது என்னென்ன பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுக்கிறேன். அப்படி எழுதிக் கொடுத்ததைத்தான் முதல்முறை வாங்குகிறவர்களுக்காக இங்கே விரித்து எழுதியிருக்கிறேன்.

எல்லாவற்றிலும் பெரிய சோதனை ஒன்றுதான். விற்பவர் தன் கையாலேயே, உங்கள் கண் முன்னால் போனை முழுவதுமாக அழிக்க வேண்டும். பிறகு அதை இணையத்தில் இணைத்து, உங்கள் கணக்கைப் போட்டு, முகப்புத் திரை வரை நீங்கள் கொண்டுவர வேண்டும். அதன் பிறகுதான் பணம். கீழே நான் சொல்வதில் பாதியை மறந்தாலும் பரவாயில்லை, இதை மட்டும் விடாதீர்கள். மற்றச் சோதனைகளெல்லாம் இந்த ஒன்றில் தப்பிவிடுகிறவற்றைப் பிடிப்பதற்காகத்தான்.

பூட்டு என்றால் எந்தப் பூட்டு?

"போன் லாக் ஆகியிருக்கிறது" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். ஆனால் அதற்குள் ஐந்தாறு விதம் இருக்கிறது. எந்தப் பூட்டு என்று தெரிந்தால்தான் அதைத் திறக்க முடியுமா, யாரால் முடியும் என்று தெரியும்.

நாம் தினமும் போடுகிற பின் நம்பர், பேட்டர்ன், கைரேகை எல்லாம் திரைப் பூட்டு. அதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம், விற்பவரே திறந்து காட்டிவிடுவார். திறந்து காட்ட முடியாதவர் அந்தப் போனுக்கு உரியவரே இல்லை.

பெரும்பாலோர் மாட்டிக்கொள்வது கணக்குப் பூட்டில். ஆப்பிள் இதை 2013-ல் ஐஓஎஸ் 7-உடன் ஆக்டிவேஷன் லாக் என்ற பெயரில் கொண்டுவந்தது. தொலைந்த போனைத் தேடிக் கண்டுபிடிக்க உதவும் ஃபைண்ட் மை வசதியைப் போனில் இயக்கி வைத்தாலே இதுவும் சேர்ந்து விழுந்துவிடும். அந்தப் போனை எந்த வழியில் அழித்தாலும், மறுபடி உயிர் கொடுக்க இணையத்தில் சேரும்போது ஆப்பிளின் சர்வர் அது யாருடைய கணக்கில் இருக்கிறது என்று பார்க்கும். யாருடைய கணக்கிலாவது இருந்தால் "ஐபோன் லாக்ட் டு ஓனர்" என்று திரையில் வந்து நின்றுவிடும். பூட்டு சர்வரில் இருப்பதால்தான் போனைக் கழற்றி என்ன செய்தாலும் அது போவதில்லை.

ஆண்ட்ராய்டில் இதே வேலையைச் செய்வதற்கு ஃபேக்டரி ரீசெட் புரொடெக்ஷன் என்று பெயர், சுருக்கமாக எஃப்ஆர்பி. 2015-ல் ஆண்ட்ராய்டு 5.1-உடன் வந்தது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. போனைத் திறந்து செட்டிங்ஸ் வழியாக முறைப்படி அழித்தால், அழிப்பவர் உரிமையாளர்தான் என்று போன் எடுத்துக்கொள்ளும், பூட்டு விழாது. திறக்காமல், பவர் பட்டனையும் வால்யூம் பட்டனையும் சேர்த்துப் பிடித்து ரெக்கவரி வழியாக அழித்தால் பூட்டு விழும். அப்புறம் முன்பு இருந்த கூகுள் கணக்கையோ பழைய பின் நம்பரையோ போட்டால்தான் உள்ளே போக முடியும். நேர்மையான ஆட்கள்கூட இது தெரியாமல், "உங்களுக்காக முன்கூட்டியே அழித்து வைத்துவிட்டேன்" என்று பட்டனைப் பிடித்து அழித்துக் கொண்டுவந்துவிடுகிறார்கள். ஆகவே பூட்டிய போனைக் கொண்டுவருகிற எல்லோரையும் திருடர் என்று நினைத்துவிடக் கூடாது.

சாம்சங், ஷாவ்மி போன்ற நிறுவனங்களுக்குத் தனிக் கணக்கும் உண்டு. கூகுள் கணக்கை மட்டும் எடுத்துவிட்டு ஷாவ்மியின் கணக்கான மி அக்கவுண்டை மறந்துவிட்டால் அதுவே தனியாகப் பூட்டும். ஆண்ட்ராய்டு போனில் இரண்டு கணக்குகளையும் பார்க்க வேண்டும் என்பது இதனால்தான்.

அடுத்தது நிறுவனப் பூட்டு. அலுவலகமோ பள்ளியோ தன் ஆட்களுக்குக் கொடுத்த போன்கள் அந்த அமைப்பின் நிர்வாகப் பட்டியலில் சேர்ந்திருக்கும். வேலையை விட்டவர் திருப்பிக் கொடுக்காமல் விற்றிருக்கலாம். பழைய சாமான்களைக் கழித்துக் கட்டும்போது பட்டியலிலிருந்து எடுக்க மறந்திருக்கலாம். போன் சாதாரணமாக வேலை செய்துகொண்டே இருக்கும். ரீசெட் செய்து இணையத்தில் சேர்ந்ததும் ஐபோனில் "ரிமோட் மேனேஜ்மென்ட்" என்ற திரை வரும். ஆண்ட்ராய்டில் இது ஒரு நிறுவனத்துக்குச் சொந்தமான சாதனம் என்று வரும். அந்த நிறுவனத்தின் நிர்வாகி பட்டியலிலிருந்து விடுவித்தால்தான் உண்டு. விற்பவரின் பாஸ்வேர்டு இதற்கு உதவாது.

தவணைப் பூட்டு இப்போது அதிகமாகிவருகிறது. கடனில் வாங்கிய ஆண்ட்ராய்டு போன்களில், தவணை கட்டாவிட்டால் கடன் கொடுத்தவரே தூரத்திலிருந்து போனை முடக்க வழி இருக்கிறது. கூகுளும் சாம்சங்கும் இதற்கான ஏற்பாட்டைப் போனுக்குள்ளேயே வைத்திருக்கின்றன, ரீசெட் செய்தாலும் போகாது. இது மற்றவற்றைவிட ஆபத்தானது. காரணம், நீங்கள் வாங்குகிற அன்று பூட்டே இருக்காது. விற்றவர் அடுத்த தவணையைக் கட்டாமல் விட்டதும்தான் விழும்.

மீதி இரண்டு. சில நாடுகளில் போனை ஒரு குறிப்பிட்ட நெட்வொர்க்கின் சிம்முக்கு மட்டும் கட்டிப்போட்டு விற்பார்கள், அது நெட்வொர்க் பூட்டு. திருட்டுப் போனது என்று புகார் வந்தால் ஐஎம்இஐ எண்ணை, அதாவது அந்தப் போனுக்கு மட்டுமே உரிய அடையாள எண்ணைத் தடைப் பட்டியலில் சேர்ப்பார்கள், அது ஐஎம்இஐ தடை. தடை விழுந்த போனில் வைஃபை ஓடும், விளையாட்டு ஓடும், சிம் மட்டும் எடுக்காது.

பார்க்கப் போவதற்கு முன்

விற்பவரிடம் பேசும்போதே நாலு கேள்வி கேட்டுவிடுங்கள். பில் இருக்கிறதா? தவணையில் வாங்கியதா, தவணை முடிந்ததா? அலுவலகத்தில் கொடுத்த போனா? நேரில் பார்க்கும்போது உங்கள் கணக்கை எடுத்துவிட்டு ரீசெட் செய்து காட்டுவீர்களா? நாலாவது கேள்விக்கு வருகிற பதிலை நான் உன்னிப்பாகக் கவனிப்பேன். தன் போனை விற்கிறவர் "ஓ, தாராளமாக" என்பார். சாக்குச் சொல்ல ஆரம்பித்தால் அங்கேயே விட்டுவிடுவது நல்லது. கேள்விகளையும் பதில்களையும் எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள், போனில் பேசியது காற்றோடு போய்விடும்.

ஐஎம்இஐ எண்ணைக் கேளுங்கள். *#06# என்று டயல் செய்தால் திரையில் வரும், 15 இலக்கம். இரண்டு சிம் போனில் இரண்டு எண் இருக்கும். முன்பின் தெரியாதவரிடம் அந்த எண்ணைக் கொடுக்க விற்பவர் தயங்கினால் அதில் நியாயம் இருக்கிறது. அந்த எண்ணை எடுத்துத் தவறாகப் பயன்படுத்துகிறவர்களும் உண்டு. நேரில் காட்டுகிறேன் என்று சொன்னால் போதும்.

ஐபோன் என்றால் இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஐஓஎஸ் 17.3-லிருந்து ஸ்டோலன் டிவைஸ் புரொடெக்ஷன் என்று, திருடியவர் கணக்கை மாற்றிவிடாமல் தடுக்கும் ஒரு வசதி இருக்கிறது. அது இயங்கும் போனில், வீடு அலுவலகம் போல வழக்கமாக இருக்கும் இடங்களை விட்டு வெளியே வந்தபிறகு ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறப் போனால் ஒரு மணி நேரம் காத்திருக்கச் சொல்லும், பிறகு மறுபடி முகத்தையோ கைரேகையையோ கேட்கும். விற்பவர் நல்லவராகவே இருந்தாலும் டீக்கடை வாசலில் இரண்டு பேரும் விழித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். "வரும் முன் வீட்டிலேயே அந்தப் பாதுகாப்பை அணைத்துவிட்டு வாருங்கள்" என்று சொல்லிவிடுங்கள். கணக்கை மட்டும் அங்கேயே எடுக்க வேண்டாம், அது உங்கள் முன்னால் நடக்கட்டும்.

நீங்கள் கொண்டுபோக வேண்டியவை: உங்கள் சிம், முடிந்தால் வேறு நெட்வொர்க்கின் சிம் ஒன்று, சிம் தட்டைத் திறக்கும் ஊசி, சார்ஜர் அல்லது பவர் பேங்க், ஹாட்ஸ்பாட் போட டேட்டா உள்ள உங்கள் போன். ஒரு மணி நேரம் உட்கார இடமுள்ள, ஆள் நடமாட்டமுள்ள இடமாகப் பாருங்கள். பத்து நிமிடத்தில் முடிக்கலாம் என்று நினைத்துப் போனால் அவசரத்தில் எதையாவது விட்டுவிடுவீர்கள். "எனக்கு வண்டிக்கு நேரமாகிறது" என்று அவசரப்படுத்துகிறவரிடம் இன்னொரு நாள் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுங்கள்.

நேரில்: எந்த வரிசையில் பார்ப்பது

போன் அணைந்த நிலையில், "பேட்டரி இறங்கிவிட்டது, வீட்டில் போய்ச் சார்ஜ் போட்டுப் பாருங்கள்" என்று வந்தால் அங்கேயே சார்ஜில் போட்டு எழுப்புங்கள். எழவில்லை என்றால் வாங்காதீர்கள். விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி. அணைந்த போனில் எந்தப் பூட்டையும் பார்க்க முடியாது.

முதலில், ரீசெட் செய்யாத நிலையில், விற்பவரே திறந்து கொடுக்கட்டும். ஐபோன் என்றால் செட்டிங்ஸின் மேல் பகுதியைப் பாருங்கள். யாருடைய பெயர் இருக்கிறது? இந்த ஐபோனை இன்ன நிறுவனம் மேற்பார்வையிட்டு நிர்வகிக்கிறது என்று ஒரு வரி இருந்தால் அது நிறுவனப் போன். ஜெனரல் பகுதியில் அபௌட் என்பதைத் திறந்தால் கேரியர் லாக் என்று ஒரு வரி இருக்கும். அதில் "நோ சிம் ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்" என்று இருக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் அக்கவுண்ட்ஸ் பகுதிக்குப் போய் என்னென்ன கணக்குகள் இருக்கின்றன என்று பாருங்கள். பிறகு செட்டிங்ஸின் தேடும் பெட்டியில் "டிவைஸ் அட்மின்" என்று தேடி, அந்தப் பட்டியலில் கடன் நிறுவனத்தின் செயலி ஏதாவது உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். திரைப் பூட்டில் நிறுவனப் பெயர் தெரிகிறதா என்பதையும் கவனியுங்கள்.

அடுத்து ஐஎம்இஐ. *#06# போட்டு வருகிற எண், செட்டிங்ஸில் இருக்கிற எண், பெட்டியில் இருக்கிற எண், பில்லில் இருக்கிற எண் எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். பெட்டியில் வேறு எண் இருந்தால் அது வேறு போனின் பெட்டி. அதனாலேயே திருட்டுப் போன் என்று ஆகிவிடாது, ஆனால் அந்தப் பெட்டிக்கும் பில்லுக்கும் மதிப்பில்லை. திரையில் வருகிற எண்ணும் செட்டிங்ஸ் எண்ணும் மாறினால், அல்லது எண்ணே வராமல் வெறும் சைபர்களாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம், கிளம்பிவிடுங்கள். ஐஎம்இஐயின் முதல் 8 இலக்கம் போனின் மாடலைக் குறிக்கும். இணையத்தில் அந்த எண்ணைத் தேடும்போது கையில் இருப்பது ஒரு மாடலாகவும் எண் காட்டுவது வேறு மாடலாகவும் இருந்தால் யாரோ எண்ணை மாற்றியிருக்கிறார்கள்.

தடைப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கும் வழி நாட்டுக்கு நாடு மாறும். பல நாடுகளில் தொலைத்தொடர்புத் துறையோ நெட்வொர்க் நிறுவனங்களோ இதற்குப் பக்கம் வைத்திருக்கின்றன. உலகளவில் ஜிஎஸ்எம்ஏ என்ற, நெட்வொர்க் நிறுவனங்களின் அமைப்பு ஒரு பட்டியலைப் பராமரிக்கிறது. ஒன்றை மனதில் வையுங்கள்: இன்று சுத்தமாக இருக்கும் எண் அடுத்த வாரம் தடைக்குப் போகலாம். பறிகொடுத்தவர் தாமதமாகப் புகார் கொடுப்பார். விற்றவரே காணாமல் போனது என்று சொல்லி இன்சூரன்ஸ் கேட்பதும் உண்டு. அதனால் இந்தச் சோதனையில் தேறிவிட்டது என்பதை மட்டும் நம்பி மற்றவற்றை விடக் கூடாது.

இப்போது சிம். விற்பவருடைய சிம்மை எடுத்துவிட்டு உங்களுடையதைப் போடுங்கள். தட்டை வெளியே எடுக்கும்போது சிம்மோடு ஒட்டியபடி மெல்லிய தகடு ஏதாவது வருகிறதா என்று பாருங்கள். நெட்வொர்க் பூட்டை ஏமாற்ற அப்படி ஒரு சின்ன சிப் தகட்டைச் சிம்முக்கு அடியில் வைப்பார்கள், அது இருக்கிறவரை போன் எல்லாச் சிம்மையும் எடுக்கிற மாதிரி தெரியும். உங்கள் சிம்மில் ஒரு அழைப்பு போக வேண்டும், ஒரு அழைப்பு வர வேண்டும், வைஃபையை அணைத்த பிறகு டேட்டாவில் ஒரு பக்கம் திறக்க வேண்டும். மூன்றும் வேண்டும். உங்கள் நெட்வொர்க்கும் அந்தப் போன் கட்டப்பட்ட நெட்வொர்க்கும் தற்செயலாக ஒன்றாக இருந்துவிட்டால் பூட்டு தெரியவே தெரியாது, இரண்டாவது சிம் கொண்டுபோகச் சொன்னது அதற்காகத்தான். அமெரிக்காவில் விற்ற ஐபோன் 14-லிருந்து அந்நாட்டு மாடல்களில் சிம் தட்டே கிடையாது, போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் இ-சிம் மட்டும்தான். உங்கள் நெட்வொர்க் இ-சிம் கொடுக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

இதுவரை எல்லாம் சரி என்றால் முக்கியமான கட்டம்.

ஐபோனில் விற்பவர் செட்டிங்ஸில் தன் பெயரைத் தொட்டு, அடியில் இருக்கும் சைன் அவுட் வழியாகக் கணக்கிலிருந்து வெளியேறட்டும். ஆப்பிள் பாஸ்வேர்டு கேட்கும், அவர்தான் போட வேண்டும். அவரால் போட முடிகிறது என்பதே உங்களுக்குப் பாதி நிம்மதி. பிறகு ஜெனரல் பகுதியின் கடைசியில் ட்ரான்ஸ்ஃபர் ஆர் ரீசெட் ஐபோன் என்பதற்குள் போய், எல்லாவற்றையும் அழிக்கும் தேர்வைத் தொடட்டும்.

ஆண்ட்ராய்டில் கூகுள் கணக்கை நீக்கட்டும். சாம்சங் கணக்கோ மி அக்கவுண்டோ இருந்தால் அதையும் நீக்கட்டும். அப்புறம் செட்டிங்ஸ் வழியாகவே ஃபேக்டரி ரீசெட். பட்டனைப் பிடித்து அழிக்க வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். கணக்கின் பாஸ்வேர்டை மறந்துவிட்டு, சற்றுமுன் புதிதாக மாற்றினேன் என்று சொன்னால் ஒரு நாள் பொறுத்துப் பார்ப்பது நல்லது. மாற்றிய உடனே அழித்த போனில், புதுப் பாஸ்வேர்டை ஏற்க 24 மணி நேரம் வரை ஆகலாம்.

போன் மறுபடி எழுந்து வரவேற்புத் திரையில் நிற்கும். ஐபோனில் "ஹலோ" என்று வரும். இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். ஹலோ வந்துவிட்டது, புதுப் போன் மாதிரி இருக்கிறது என்று பணத்தை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். பூட்டிய போனிலும் முதலில் ஹலோதான் வரும். மொழி, நாடு, வைஃபை எல்லாம் தாண்டி இணையத்தில் சேர்ந்த பிறகுதான் பூட்டு முகத்தைக் காட்டும். அதனால் உங்கள் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, ஒவ்வொரு திரையாகத் தாண்டுங்கள். ஆண்ட்ராய்டில் கூகுள் கணக்கைக் கேட்கும் இடத்தில் "ஸ்கிப்" இருந்தால் நல்ல அறிகுறி. முன்பு இந்தச் சாதனத்தில் இருந்த கணக்கைத்தான் போட வேண்டும் என்று கேட்டால் பூட்டு இருக்கிறது. பழைய பின் நம்பரைக் கேட்டாலும் அப்படித்தான். எந்தப் பூட்டுத் திரையும் வராமல் உங்கள் சொந்தக் கணக்கை ஏற்றுக்கொண்டு முகப்புத் திரை வந்தால், கணக்குப் பூட்டும் நிறுவனப் பூட்டும் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

இதில் இன்னொரு பயனும் இருக்கிறது. பழைய ஐபோன்களில் ஆக்டிவேஷன் லாக்கை மறைத்துவிட்டு விற்கிற ஆட்கள் இருக்கிறார்கள். ஐபோன் எக்ஸ் வரையிலான மாடல்களின் சிப்பில் ஒரு ஓட்டை இருப்பது 2019-ல் வெளியே வந்தது, மென்பொருள் அப்டேட்டால் அதை அடைக்க முடியாது. அதைப் பயன்படுத்திப் பூட்டைத் தாண்டிய போன் பார்க்க நன்றாகவே இருக்கும். ஆனால் ரீசெட் செய்ததும் பழைய பூட்டு திரும்பி வந்துவிடும். "அப்டேட் செய்யாதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள், அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்" என்று விற்பவர் அறிவுரை சொன்னால் காரணம் அதுதான்.

தவணைப் பூட்டை எப்படிப் பிடிப்பது

மேலே சொன்ன ரீசெட் சோதனையில் சில நேரம் இதுவும் தெரிந்துவிடும். அமைக்கும்போது இந்தப் போன் இன்ன கடன் நிறுவனம் வழங்கியது என்று திரை வரலாம், அல்லது முகப்புத் திரை வந்த சில நிமிடங்களில் கடன் செயலி தானாகவே வந்து உட்காரலாம். அதனால் முகப்பு வந்ததும் எழுந்துவிடாமல் இணையத்தில் வைத்தபடி பதினைந்து நிமிடம் பேசிக்கொண்டிருங்கள். போன் சின்ன வயதுடையதாக இருந்தால், அதாவது வந்து ஒரு வருடம்கூட ஆகாத மாடலாக இருந்தால், தவணை பற்றிக் கூடுதலாகவே கேளுங்கள். கடன் முடிந்ததற்கான கடிதமோ குறுஞ்செய்தியோ காட்டச் சொல்லலாம். முழுப் பணம் கொடுத்து வாங்கியதற்கான பில் இருந்தால் அதைவிட நல்லது. எதுவும் இல்லாமல் புத்தம்புது மாடல் பாதி விலைக்கு வந்தால் நான் தொட மாட்டேன்.

விற்பவர்கள் சொல்கிற சில பேச்சுகள்

"என் பாஸ்வேர்டை எழுதித் தருகிறேன், பிறகு நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்." வேண்டாம். அந்தக் கணக்கு அவர் கையில் இருக்கிறவரை, அவர் எங்கேயிருந்தாலும் உங்கள் போனைத் தொலைந்தது என்று குறித்து முடக்க முடியும். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்றுகூட வரைபடத்தில் பார்க்க முடியும்.

"உங்களுக்காகப் புதிதாக ஒரு கணக்கு தொடங்கிப் போட்டு வைத்திருக்கிறேன்." இதுவும் அதேதான். கணக்கு யார் தொடங்கியதோ அவருக்குத்தான் போன் சொந்தம். அதை எடுத்துவிட்டு உங்களுடையதைப் போடச் சொல்லுங்கள்.

"லாக் ஒன்றும் பெரிய விஷயமில்லை, எந்தக் கடையிலும் எடுத்துவிடுவார்கள்." அவ்வளவு சுலபம் என்றால் அவரே எடுத்துவிட்டு முழு விலைக்கு விற்றிருப்பாரே.

"உதிரி பாகத்துக்காகவாவது வாங்கிக்கொள்ளுங்கள்." ஐபோனில் இதுவும் இப்போது கடினம். ஐஓஎஸ் 18 முதல் திரை, பேட்டரி, கேமரா போன்ற பாகங்களுக்கும் ஆக்டிவேஷன் லாக் நீள்கிறது. பூட்டிய போனிலிருந்து எடுத்த பாகத்தை வேறு போனில் மாட்டினால், பழைய கணக்கின் பாஸ்வேர்டு இல்லாமல் அதைச் சரிவரப் பொருத்த முடியாது.

"இது என் தம்பி போன், அவன் வெளியூரில் இருக்கிறான்." உண்மையாகவே இருக்கலாம். அப்படியென்றால் தம்பியை அழைப்பில் வைத்துக்கொள்ளலாம், ஆப்பிள் கணக்கைத் தூரத்திலிருந்தே எடுக்க முடியும். எப்படி என்று அடுத்துச் சொல்கிறேன்.

ஏற்கெனவே வாங்கி மாட்டிக்கொண்டவர்களுக்கு

முதலில் பதறாமல் திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்து, படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பூட்டு என்பதை அதுதான் சொல்லும். விற்றவரோடு நடந்த உரையாடல், பணம் அனுப்பிய பதிவு, விளம்பரம், எதையும் அழிக்காதீர்கள். விளம்பரத்தை அவர் நீக்குவதற்கு முன் அதையும் படம் எடுங்கள்.

பிறகு விற்றவரைக் கூப்பிடுங்கள். கோபமாக ஆரம்பிக்க வேண்டாம். பட்டனைப் பிடித்து அழித்த நேர்மையான ஆளாக அவர் இருக்க நிறைய வாய்ப்பிருக்கிறது. ஐபோன் என்றால் அவர் உங்கள் பக்கம் வரவே வேண்டாம். ஆப்பிளின் ஐகிளவுட் தளத்தில் ஃபைண்ட் பக்கத்தில் தன் கணக்கைத் திறந்து, பட்டியலில் இருக்கும் அந்தப் போனைத் தேர்ந்தெடுத்து, அழித்துவிட்டு, கணக்கிலிருந்து நீக்கு என்பதைத் தொட்டால் போதும். கணக்கிலிருந்து நீக்கும் அந்தக் கடைசிப் படிதான் பூட்டை எடுக்கும், வெறுமனே அழித்தால் போகாது. பிறகு நீங்கள் போனை அணைத்து எழுப்பி மறுபடி அமைக்கலாம். ஆண்ட்ராய்டில் இப்படித் தூரத்திலிருந்து எடுப்பதை நம்ப முடியாது. அவர் நேரில் வந்து தன் கணக்கைப் போட்டு உள்ளே போய், கணக்கை நீக்கி, செட்டிங்ஸ் வழியாக மறுபடி அழிக்க வேண்டும். வரும்போது தன்னுடைய இப்போதைய போனையும் கொண்டுவரச் சொல்லுங்கள், சரிபார்ப்பு எண் அதில்தான் வரும்.

நிறுவனப் பூட்டு என்றால் திரையில் பெயர் இருக்கும். அந்த நிறுவனத்தையே நேரடியாகத் தொடர்புகொண்டு சீரியல் எண்ணைச் சொல்லுங்கள். முறைப்படி கழித்துக் கட்டிய போன் என்றால் விடுவித்துவிடுவார்கள். திருட்டுப் போனது என்றால் அதையும் சொல்வார்கள். நெட்வொர்க் பூட்டு என்றால் அந்த நெட்வொர்க் நிறுவனம்தான் எடுக்க வேண்டும், பெரும்பாலும் பழைய ஒப்பந்தமும் பாக்கியும் முடிந்திருக்க வேண்டும் என்பார்கள்.

உங்களிடம் முதல் விற்பனையின் அசல் பில் இருந்தால் ஆக்டிவேஷன் லாக்கை நீக்க ஆப்பிளிடமே விண்ணப்பிக்கலாம். ஆப்பிள் ஆதரவுத் தளத்தில் அதற்குத் தனிப் பக்கம் இருக்கிறது. தொலைந்தது என்று குறித்த போனுக்கும் நிறுவன நிர்வாகத்தில் உள்ள போனுக்கும் செய்து தர மாட்டார்கள். பழைய போனோடு பில்லையும் கேட்டு வாங்குங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

விற்றவர் கிடைக்கவில்லை, பில்லும் இல்லை என்றால், இணையத்தில் "எந்தப் பூட்டையும் எடுத்துத் தருகிறோம்" என்று ஐஎம்இஐயையும் பணத்தையும் கேட்கிற தளங்கள் நிறைய வரும். தயவுசெய்து போகாதீர்கள். பலவற்றில் பணம் மட்டும் போகும். வேறு சில வழிகள் அதைவிட மோசம். போனைப் பறிகொடுத்தவருக்கே "உங்கள் போன் கிடைத்துவிட்டது, இங்கே பாஸ்வேர்டைப் போடுங்கள்" என்று பொய் லிங்க் அனுப்பி அவர் கணக்கைத் திருடுவார்கள். ஏற்கெனவே ஒருமுறை இழந்தவரை இன்னொருமுறை ஏமாற்றுவது அது. உங்கள் பணத்தை மீட்க அந்த வழி வேண்டாம். பணம் போன தளத்தில் வாங்குபவர் பாதுகாப்பு இருந்தால் கெடுவுக்குள் புகார் கொடுங்கள். இல்லையென்றால் ஆதாரங்களோடு காவல்துறைக்குப் போங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தும் வைத்திருப்பது பெரும்பாலான நாடுகளில் குற்றம். தெரிந்தவுடன் நீங்களே போய்ச் சொல்லிவிட்டால் உங்களுக்குத்தான் பாதுகாப்பு.

பூட்டுத் திரையிலேயே "இந்தப் போன் தொலைந்துவிட்டது, இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள்" என்று வருவதும் உண்டு. ஒருமுறை எனக்குத் தெரிந்த பெண் வாங்கிய போனில் அப்படி வந்தது. என்ன செய்வது என்று கேட்டார், கூப்பிடுங்கள் என்றேன். மறுமுனையில் எடுத்தவர் முதலில் நம்பவே இல்லை. போனைவிட அதில் இருந்த அப்பாவின் படங்கள்தான் வேண்டும் என்றாராம். வாங்கியவருக்குக் கொடுத்த பணம் திரும்பக் கிடைக்கவில்லை. ஆனாலும் காவல் நிலையத்தில் வைத்துப் போனை ஒப்படைத்து, எழுதி வாங்கிக்கொண்டுதான் வந்தார்.

பணம் கொடுக்கும்போது

எல்லாச் சோதனையும் முடிந்து வாங்குவது என்று முடிவானால், ஒரு தாளில் எழுதிக் கொள்ளுங்கள்: தேதி, மாடல், ஐஎம்இஐ, தொகை, இருவர் பெயர், தொடர்பு எண், கையெழுத்து. தவணை பாக்கி இல்லை என்று விற்பவர் ஒரு வரி எழுதட்டும். பணத்தைக் கையில் கொடுப்பதைவிடப் பதிவு இருக்கிற வழியில் அனுப்புவது நல்லது. அந்தத் தாளைக் கிழிக்காமல் வைத்திருங்கள், பூட்டோ தடையோ வாரங்கள் கழித்து வந்தால் உங்கள் கையில் இருப்பது அது ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்ததும் உங்கள் கணக்கில் ஃபைண்ட் மை அல்லது கூகுளின் ஃபைண்ட் வசதியை இயக்கிவிடுங்கள். முதல் ஒரு மாதம் அதில் முக்கியமான எதையும் பிரதி இல்லாமல் வைக்காதீர்கள். நாளைக்கு நீங்கள் இதை விற்கும்போது, வாங்க வருகிறவர் முன்னால் உட்கார்ந்து கணக்கை எடுத்து, அழித்து, அவர் கணக்கு ஏறுகிறவரை கூட இருங்கள். அந்தப் பழைய பில்லையும் மறக்காமல் அவரிடம் கொடுத்துவிடுங்கள்.